புள்ளி வைக்காத கோல்

ப்ர்னோவின் ஞாயிற்றுச் சந்தையில்
பழைய திருகாணிகளுக்கும் யாருடையதோ ஒரு பல்செட்டுக்கும் நடுவே
ஒரு ஸ்லைடு ரூல்.
நாற்பது கொருனா. பேரம் பேசவில்லை.

பின்புறம் ஊசியால் கீறிய பெயர்: ஹாப்ர்மான்.
யாரென்று தெரியாது.
ஆனால் அவர் கடைசியாய்ப் போட்ட கணக்கு
கலையாமல் நிற்கிறது:
நடுச்சட்டத்தின் ஒன்று, ஒன்று-நான்கு-எட்டின் மேல்.
கண்ணாடியின் மயிரிழை ஒன்று-ஆறில்.
கீழே விடை,
இரண்டு-மூன்று-ஏழுக்கு ஒரு முடி முன்னால்.

எதன் விடை?
இருநூற்றுச் சொச்சம் மூட்டை நிலக்கரியா,
இரண்டு மீட்டர் சொச்சம் திரைத்துணியா?
கோல் சொல்லாது.
இலக்கங்களைத் தரும், புள்ளியைத் தராது.
அதை நாம்தான் தலைக்குள் பிடித்திருக்க வேண்டும்.

எழுபத்தொன்றில் நான் பிடித்திருக்கவில்லை.
ஓர் ஓடையைத் தாண்டச் சின்ன நடைபாலம்.
மூன்று ரயில் பெட்டிகளில் வந்து இறங்கியது இரும்பு.
தொழிற்சாலையே வெளியே வந்து நின்று சிரித்தது.
ராடோவான் மட்டும்
தொப்பியைக் கழற்றி அந்தக் குவியலுக்கு ஒரு வணக்கம் வைத்து
"எப்படியும் விழாது, க்வியெதா" என்றான்.

மிச்சம் இரவோடிரவாகக் கரைந்தது.
இன்றும் ஜிதெனித்சே பக்கம் டிராமில் போனால்
தோட்டவேலி, கோழிக்கூண்டு, திராட்சைப் பந்தல்
எல்லாம் என் தசமப் புள்ளி,
துருவேறி, அசையாமல்.

திருப்பத்தில் டிராம் குலுங்க
மடியில் கண்ணாடி நகர்ந்துவிட்டது.
மன்னியுங்கள், ஹாப்ர்மான்.
நிலக்கரி என்றே வைத்துக்கொள்கிறேன்.
நிறைய நிலக்கரி.