ஒரு வெள்ளி

இரவு பதினொன்றுக்கு என் இழுப்பறையில்
முப்பத்தேழு நீலத் தாள்கள்.
மீன் வாடை அடிப்பது சௌராஸ்தா சந்தையிலிருந்து.
எட்டாக மடிந்திருப்பது செங் ஹாக் கொடுத்தது.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்,
"ஒரு வெள்ளிக்குக் கோப்பி ஓ கூடக் கிடைக்காது, காக்" என்று
மலாயில் சிரித்தார்.
கிடைக்காதுதான்.
உள்ளே அவர் இதயத்தின் கோடுகளை
நீளத் தாளில் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பின்வாசலில் ஆம்புலன்ஸ்.
கடலோரத்துக் கண்ணாடி மருத்துவமனை
இங்கே அனுப்பிவைத்த பொறியாளர்.
பன்னிரண்டாம் நாள் காப்புறுதி தீர்ந்துவிட்டதாம்.
அவர் மனைவி தோளில் இன்னும்
அந்த மருத்துவமனை கொடுத்த பூப்போட்ட பை.
நடைவழியில் கட்டிலோடு கட்டில் உரசுவதைப் பார்த்து
"வேற எடம் இல்லையா?" என்கிறார்.
"இல்லம்மா" என்றேன்.
இன்னும் சரியான பதில் ஒன்று இருந்தது.
அவர் போன பிறகுதான் வாயில் வந்தது.

அப்புறம் பூவரசி.
இருபத்து மூன்று வயது. மூச்சு விசிலடிக்கிறது.
நீலக் கார்டு இல்லை.
சிவப்பும் இல்லை.
அப்பா பிறப்புப் பத்திரம் எடுக்கவேயில்லை.
"எங்க பொறந்த?"
பேச முடியாமல் விரலை உயர்த்தினாள்:
கூரைக்கு மேலே, பிரசவ வார்டு.
கணினிக்கு விரல் தெரியாது.
'பூக்கான் வார்கநெகாரா' என்கிற கட்டத்தில்தான்
அம்புக்குறி போய் நிற்கிறது.
நூறு வெள்ளி.

அதற்குள் ரொஸ்னா அவளைத் தள்ளிக்கொண்டு போய்
முகத்தில் மாஸ்க்கை மாட்டிவிட்டாள்.
ரொஸ்னா எப்போதும் இப்படித்தான், கேட்கமாட்டாள்.
கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு முதலில்,
இந்தப் பக்கம் காசு முதலில்.
அந்தக் கதவுக்கு எண்ணெய் விட்டு வருஷமாகிறது,
ஒவ்வொரு முறையும் முனகும்.

இருபது வருட அரசாங்க விரல் எனக்கு.
கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
பிறகு அடித்தேன்:
நிலுவை.

ஆறரைக்குப் பணம் எண்ணினேன்.
எழுபத்தொன்று, அதில் ஒன்று கிழிசல்.
கண்ணாடியைத் தட்டினாள் பூவரசி,
மூக்கின் மேல் மாஸ்க்கின் தடம்,
உள்ளங்கையில் நனைந்த ஒரு நீலத் தாள்.
"எல்லாரும் இதானே குடுக்கறாங்க."

எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?
வாங்கிக்கொண்டேன்.
இழுப்பறையில் போடாமல்
வலக்கையிலேயே வைத்திருக்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே, ரெசிடென்சி சாலைக்கு மேல்
இன்னும் மறையாமல் நிற்கிறது
அந்த இன்னொரு வெள்ளி.