11.42

யுபிஎஸ் மீட்டரில் இன்னும் இருபத்தொரு நிமிடம்.
ஜெனரேட்டர் அறைக்குள் உப்பனாறு வந்துவிட்டது.
முதுநகர் முழுக்க இருட்டு.
ஐஸ் கம்பெனி மாடியில் ஒரே ஒரு சர்வர்,
அதற்குள் ஆறு மெஷின்கள்,
ஆறுக்கும் தாம் தனிக்குடித்தனம் என்ற நினைப்பு.

அணைப்பது வேறு, நிறுத்திவைப்பது வேறு.
அணைத்தால் மறந்து எழும்.
நிறுத்திவைத்தால்
பாதி கூட்டிய கணக்கை
அப்படியே வட்டில் எழுதிவிட்டுக்
கண்மூடும்.

முதலில் பில் மெஷின்.
பிறகு வாசல் கேமரா; கடைசியாக அது பார்த்தது
மிதந்து வந்த ஒரு நீலக் கூடை.
குளிரறையின் வெப்பம் அளக்கும் கன்டெய்னரை மட்டும்
விட்டுவைத்தேன்,
யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று.
வருகைப் பதிவுக்குக் கட்டளை அடித்தபோது 11.42.
கீழே தேசிங்கு மணல் மூட்டை இழுக்கும் சத்தம்.
கெடிலம் பாலத்தை மூடுமுன்
நான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

கரண்ட் வந்தது வியாழன் மத்தியானம்.
ஒவ்வொன்றாக எழுப்பினேன்.
வஞ்சிரம், நாற்பது கிலோ, விலை? என்று
விட்ட இடத்திலேயே கேட்டது பில் மெஷின்.
அந்த வஞ்சிரம் கீழே நாறிக்கொண்டிருந்தது.
கன்டெய்னர் மட்டும் எழவில்லை.
மைனஸ் பதினொன்று வரை எழுதி
வரி பாதியில் முறிந்திருந்தது.
வருகைப் பதிவுக்கு இன்னும் செவ்வாய் இரவு.
அதன் கணக்கில் புயல் கரையே கடக்கவில்லை.

தேசிங்கு மாடியேறி வந்தார்,
விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்.
ஊறி வெளுத்த ரேகையை இரண்டு தரம் மறுத்து
மூன்றாவதில் ஏற்றது.
நிமிடம் நிமிடமாகத் தானே எண்ணும் பழைய நிரல்.
தான் விழித்திருந்ததை மட்டும் கூட்டிச் சொன்னது:
வேலை நேரம் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம்.

"அதுவும் தூங்கிடுச்சா மேடம்?"
"நான்தான் தூங்க வச்சேன்."
"பரவால்ல. யாராச்சும் தூங்கணும்ல."

திருத்தப் படிவம் திறந்தேன்.
கூடுதல் நேரம்: முப்பத்தெட்டு மணி.
காரணம் கட்டாயம் என்றது சிவப்பு நட்சத்திரம்.
பட்டியலில் இருந்தவை
மறதி, வெளிவேலை, ரேகை பதியவில்லை.
'மற்றவை'யைத் தொட்டு எழுதினேன்:
இவர் நிறுத்திவைக்கப்படவில்லை.

அனுப்பி ஒன்பது நாளாகிறது.
மேலாளர் ஒப்புதலுக்காக
நிலுவையில் இருக்கிறது.