சுவரில் ஒரு ஓட்டை

நவம்பரில் தேர்தல்.
ஜனவரியில் ஆட்சி மாறியது.
அடுத்த வாரமே, டுலூத்தின் ஏரிக்கரை
வெளுத்து உறைந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை,
என் அச்சகத்துக்கு மூன்று வரி மின்னஞ்சல்:
விதி அறுபது நாளுக்கு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது,
லேபிள்கள் இப்போதைக்கு வேண்டாம்,
புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறோம்.

புரிந்தது.
நான்கு லட்சத்து இருபதாயிரம் லேபிள்
பின்னறையில் சுருள் சுருளாக அடுக்கிப் புரிந்தது.
மஞ்சள் தரை, கறுப்பு எழுத்து,
அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் அபராதம் என்று
அதற்கென்றே வெட்டிய புதுத் தட்டு:
இதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும்.
மூடிய அறையில் பயன்படுத்தாதீர்.

டப்பா நிறுவனத்தின் கர்ட் லிண்ட்ஹோம்
தொலைபேசியில் சந்தோஷத்தை மறைக்கப் பார்த்தார்.
கெட்டவர் இல்லை.
டப்பாவுக்கு எட்டு சென்ட் மிச்சம்,
இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டாம் என்றார்.
அந்த இரண்டு பேரின் பெயரையும் சொன்னார்.
அதற்குமேல் நான் எப்படிச் சண்டை போட?
முன்பணம் போக மீதி, என்றேன்.
விதி திரும்பி வந்தால், என்றார்.
வரும் என்றும் அவர் நம்பவில்லை,
வராது என்றும்.

வக்கீல் ப்ரிசில்லா ஓகார்ட், மணிக்கு முந்நூறு டாலர்:
"நிறுத்திவைப்பு ரத்து ஆகாது.
ரத்து என்றால் முதலில் முன்மொழிவார்கள்,
ஊரிடம் கருத்துக் கேட்பார்கள்,
கேட்டதும் யாராவது வழக்குப் போடுவார்கள்.
ஒரு நீதிபதி டெக்சாஸில் ஒன்று சொல்வார்,
இங்கே இன்னொருவர் வேறு சொல்வார்."
அதுவரை?
"காத்திருங்கள்."
காத்திருக்கச் சொன்னதற்கும் பில் வந்தது.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.
அந்தத் திரவத்தில்தான் நாங்களும் உருளை துடைக்கிறோம்.
விதி வருகிறதே என்று போன கோடையில்
பதினோராயிரம் டாலர் கடனில்
ஆவி இழுக்கும் விசிறி ஒன்று வாங்கினேன்.
திட்டிக்கொண்டே வாங்கினேன்.
வாஷிங்டனில் எவனோ ஜன்னலோரம் உட்கார்ந்து
என் அச்சகத்தின் மூச்சை அளக்கிறான் என்று.

இப்போது அந்த ஜன்னலோர நாற்காலி காலி.
விசிறி விற்றவர் சொன்னார்:
பெட்டி பிரிக்காமல் இருந்தால் எடுத்துக்கொள்கிறேன்,
நூற்றுக்குப் பதினைந்து கழித்து.
ஒன்பதாயிரத்து முந்நூற்றைம்பது.
பிப்ரவரிச் சம்பளம்.

பின்னறைக்கு ஓடினேன்.
ரஸ் ஹக்கலா, இருபத்திரண்டு வருடமாக அச்சு ஓட்டுபவர்,
தன் இருமலுக்கு ஏரிக்காற்று என்று பெயர் வைத்திருப்பவர்,
பெட்டியைப் பிரித்துவிட்டார்.
சுவரில் வட்டமாக ஓட்டையும் போட்டாயிற்று.
ஓட்டைக்குள் ஏரி.
பனித்தூள் வந்து லேபிள்மேல் உட்கார்ந்தது.
"பிப்ரவரி ஒன்றுக்குள் என்று சொன்னீர்களே" என்றார்.

சொன்னேன்.
அது விதி உயிரோடிருந்தபோது.
அது படுத்துவிட்டதை அவரிடம் யாரும் சொல்லவில்லை,
நானும்.
விதியை அறுபது நாள் நிறுத்திவைக்க முடியுமென்றால்
ரஸ்ஸின் மார்புக்கும் ஒரு மனுப் போடலாம்.
எந்த அலுவலகத்தில் என்றுதான் தெரியவில்லை.

வெட்டிய சுவரை எந்தக் கடைக்காரனும்
திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டான்.
மாட்டுங்கள், என்றேன்.
நல்ல மனசு என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம்.
குளிர், அவ்வளவுதான்.

நாலு மணிக்கு விசிறி ஓடியது,
லாரி பின்வாங்கும் சத்தத்தில்.
ரஸ் ஒரு சுருளிலிருந்து ஒற்றை லேபிளைக் கிழித்து
எங்கள் டின்னில் ஒட்டினார், கொஞ்சம் கோணலாக.
நான் சரக்கேட்டைத் திறந்து
அடித்துத் திருத்தினேன்:
கையிருப்பு, நான்கு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துத்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.