பதிமூன்று இருக்கை

கோலக்கெட்டில். விடியற்காலை ஐந்தே முக்கால்.
மில்லின் சங்கு ஊதி அடங்கும்போது
என் வேன் கதவு திறந்திருக்கும்.
படியோரம் ஒரு வாளித் தண்ணீர்,
ஒரு செம்பு,
நைலான் கயிற்றில் கட்டிய சோப்பு.
கயிறு ஏன் என்று கேட்காதீர்கள்,
இரண்டு தடவை அது
சாக்கடைக்குள் குதித்துவிட்டது.

கழுவாத கை ஏறக்கூடாது.
இது போக்குவரத்து இலாகா சட்டமில்லை,
என் சட்டம்.
விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு.
இருபது வரை எண்ணு என்றால்
சங்கமித்ரா ஒன்று இரண்டு பதினெட்டு என்று தாவுவாள்.
அதனால் ஏழாம் வாய்ப்பாடு.
ஏழேழில் தடுக்காத பிள்ளை
இந்த லயத்தில் இன்னும் பிறக்கவில்லை.
அவர்கள் தடுக்கி நிற்கும் நேரத்தில்
நுரை தன் வேலையைப் பார்க்கும்.

செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால்
ஊர்ந்து போவோம்.
சன்னல் எல்லாம் இறக்கித்தான் இருக்கும்.
மில்லின் புளிச்ச வாடை உள்ளே வர
மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டுவார்கள்.
திட்டட்டும்.
வெளிக்காற்று வந்தால்தான்
உள்காற்று இறங்கிப் போகும்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

போன வருஷம், பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம்
எனக்குச் சளிக்காய்ச்சல்.
வேன் தவணை நானூற்று எண்பது வெள்ளி.
இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு
பின்கண்ணாடியில் தெரிந்த முகத்துக்கு
நானே எம்.சி. மறுத்தேன்.
உள்ளங்கைக்குள் இருமினேன்.
அதே கையால் கதவு திறந்தேன்,
சில்லறை கொடுத்தேன்,
ரிஷ்வந்தின் பை வாரைச் சரிசெய்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறு இருக்கை காலி.
திங்கள்கிழமை ஒன்பது.
அதற்கப்புறம் குலை வெட்டப் போகாத அப்பாக்கள்,
போன நாள் சம்பளம்,
ஒட்டுக்கடையில் விற்காமல் ஆறிப்போன நாசி லெமாக்.
யோகமலரின் கைக்குழந்தைக்கு
சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் நான்கு நாள்
மூக்கில் குழாய்.

பிழைத்துக்கொண்டது.
இப்போது என்னைக் கண்டால்
மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குகிறது.
யோகமலர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
என்னிடமிருந்துதான் போனது என்று
யாராலும் சொல்ல முடியாது.
என்னாலும் முடியாது.
அந்தத் தெரியாததுதான்
தினமும் ஐந்தே முக்காலுக்கு
வாளி நிரம்ப நிற்கிறது.

அம்மாமார்களே,
வராத நாளுக்குக் காசு கழித்துக்கொள்கிறேன்.
நெற்றி சுட்டால் தொட்டுப் பார்த்துவிட்டு
மருந்தைக் கொடுத்து ஏற்றிவிடாதீர்கள்.
மருந்து பள்ளி மணி அடிக்கும்வரைதான் மறைக்கும்.
இருமல் வந்தால் முழங்கை மடிப்பு.
துவைக்கிற சட்டைதானே, பரவாயில்லை.
தண்ணீர்ப் போத்தலை மாற்றிக் குடிக்கிற நட்பு
கொஞ்ச நாள் பொறுக்கட்டும்.

நேற்று ராத்திரி எனக்குத் தொண்டை கரகரத்தது.
நமநமவென்று, ஒன்றுமில்லாதது மாதிரி.
போன வருஷமும்
ஒன்றுமில்லாதது மாதிரித்தான் வந்தது.

போட்டி வேன் கமாருடினுக்குப் போன் போட்டேன்.
பத்து வெள்ளி குறைத்து
என் பிள்ளைகள் மூன்று பேரை இழுத்துக்கொண்டவர்.
நாலு நாளைக்கு இரண்டு நடை ஓட்டுங்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
எனக்கு வந்தால் நீ ஓட்டுவாயா என்றார்.
ஓட்டுவேன்.
அப்படியானால் சரி.
அப்புறம் கேட்டார்,
அந்த வாளி எங்கே?

முகக்கவசத்தோடு அறைக்குள் படுத்திருக்கிறேன்.
எனக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை, தனித் துண்டு.
வெளியே மரத்தடியில் அவர் வேன் நிற்கிறது.
தண்ணீர் ஊற்றும் சத்தம்.
மனிதர் வாய்ப்பாட்டை மலாயில் சொல்ல வைக்கிறார்.
துஜோ காலி துஜோ,
துஜோ காலி துஜோ...

அங்கேயும் தடுக்கி நிற்கிறார்கள்.
நல்லது,
இன்னும் கொஞ்சம் தேயுங்கள்.