தட்டில் மீந்தது

நாலு கிலோ மணல்,
அதில் நூறு கோதுமை மணி.
கலந்து தட்டிலிட்டு, இருட்டுமுன்
கோர்ஸ் புதரடியில் ஒன்று,
வெட்டவெளியில் ஒன்று.
விடிந்ததும் போய்ச் சலிப்பேன்.
எலி தின்றதை அல்ல,
தின்னாமல் விட்டுப்போனதை எண்ணுவேன்.
புதரடியில் பதினொன்று. வெளியில் அறுபத்து நான்கு.
இடையிலுள்ள ஐம்பத்து மூன்றும்
ஆந்தையைப் பற்றி எலிக்கிருக்கும் அபிப்பிராயம்.

என் முதல் கட்டுரை இவ்வளவுதான்.
பதினெட்டுப் பக்கம், மூன்று குளிர்காலம்.
தேர்வாளர் கொட்டாவியை மென்றபடி கேட்டார்:
அன்று எலிக்கு வயிறு நிறைந்திருந்தால்?
அதற்கு இன்னொரு குளிர்காலம் ஆனது.

பிறகு இந்தத் தீவு,
ஹெப்ரிடிஸின் மேற்கு விளிம்பு.
நரியில்லை, ஓநாயில்லை,
ஆட்டைத் தின்ன வருவது எதுவுமில்லை
ஆட்டுக்குள்ளேயே இருப்பதைத் தவிர.

புழுக்கை விழுந்த இடத்தில் புல் கறுத்துச் செழிக்கும்.
பசித்த ஆடு மூக்கைக் கொண்டுபோகும்,
மோந்து, விலகும்.
நுனிப்புல்லின் ஈரத்தில்
இளம்புழு ஏறிக் காத்திருப்பதை
அதற்கு யார் சொன்னதோ.
நான் மண்டியிட்டு அளந்தேன்:
விலகும் தூரம், விட்ட புல்லின் உயரம்,
ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை முட்டை.
இருபத்திரண்டு வருடம்.
'துவைக்குமுன் பையைப் பார்' என்று
சலவை இயந்திரத்தின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மர்டோ வேலியில் சாய்ந்து கேட்டான்:
"என்னதான் கண்டுபிடித்தாய்?"
"பீக்குப் பக்கத்தில் ஆடு மேயாது."
"அதை என் நாயே சொல்லியிருக்குமே."
"எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லுமா?"
அவன் நாயைப் பார்த்தான்.
நாய் என்னைப் பார்த்தது.

நானூற்றுப் பதினேழு, காது கிழிந்த பெட்டை.
இரட்டைக் குட்டிக்குப் பால் சுரக்கும் மே மாதத்தில்
விலகமாட்டாள்.
நேரே அந்தக் கரும்பச்சைக்குள் போய்
வாய் நிறையக் கடிப்பாள்.
ஐந்து வருடம், பத்துக் குட்டி.
ஆறாம் மார்ச்சில் கல்சுவரோரம் கிடந்தாள்.
இரைப்பையைத் திறந்தேன்,
உட்சுவரெங்கும் சிவப்பு நூல், உயிருள்ள நூல்.
மூக்குக்குக் கட்டுப்பட்ட இருநூற்று எட்டு
பதினொரு வருடம் இருந்தாள், குட்டி நாலு.
எவள் சரி?
வரைபடத்தில் கோடு போட்டாக வேண்டியிருந்தது.
இருவர் புள்ளியையும் தொடாமல்
நடுவே போயிற்று கோடு.

அப்புறம் அந்த வசந்தம்.
படகு நின்றது. மனிதர்களின் முறை.
கடையில் ஆளுக்கு ஆள் ஆறடி,
நான் கண்ணாலேயே அளந்தேன்.
மார்ஸலி இருமினாள், ஒரே ஒருமுறை,
பீச் பழ டின்கள் அடுக்கியிருந்த அலமாரிக்கு முன்னால்.
சனிக்கிழமை வரை அந்த அடுக்கு குறையவில்லை.
நானும் எடுக்கவில்லை.
டின்னுக்குள் எதுவும் போகாதென்று
தெரிந்த நானும்.

வெட்கத்தில் பார்லி சூப் வைத்து
அவள் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன்.
மறுநாள் பாத்திரம் என் படியில் இருந்தது,
பாதி அப்படியே.
கை தானாகத் தராசுக்குப் போயிற்று.
நானூற்றிப் பத்து கிராம்.
என் விரல்களைப் பற்றி, என் மூச்சைப் பற்றி
அவள் நினைத்தது அவ்வளவு.
அந்த எண்ணோடு படுத்து
அந்த எண்ணோடு எழுந்தேன், பல நாள்.

ஜூனில் படகு வந்தது.
துறையில் தபால் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள் மார்ஸலி.
காற்று அவள் பக்கமிருந்து என் பக்கம் அடித்தது.
இருவருமே அதைக் கவனித்தோம்.
"இஷ்பெல்," என்றாள்,
"சொல்லக் கூடாதென்றுதான் இருந்தேன்.
அந்தச் சூப்பில் உப்பு அதிகம்."