அரைப்பேர்

இன்றைக்குப் பழைய ஏற்பாட்டுப் பாடம்
அருமைநாயகம் கணக்கப்பிள்ளைக்கு.
எண்பத்தொரு வயது. கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறார்.
கோயில் தகரத்தில் மழை கொட்ட
அதற்கும் மேலே குரல்:
நாபோத்தின் திராட்சத் தோட்டம்.
ராஜா கேட்டான், இவன் கொடுக்கவில்லை,
பொய்ச்சாட்சி இரண்டு பேர், பிறகு கல்.
கல் என்ற இடத்தில்கூட
அவருக்கு நாக்குத் தடுக்கவில்லை.

மஸ்கெலியாவில் அவர் தராசுக்கு முன்னால்
பத்தொன்பது வருசம் நின்றவள் நான்.
கூடையில் பதினெட்டு, புத்தகத்தில் பதினாலு.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று,
முற்றின இலைக்கு ஒன்று.
இன்னொன்று எதற்கு என்று கேட்டவளுக்கு
மறுநாள் அட்டை கடிக்கிற மேல்மலை.
முழுப்பேருக்குப் பதினாறு வேண்டும்.
பென்சிலை நாக்கில் தொட்டு
அரைப்பேர் எழுதுவார், அழகான கையெழுத்து.

ஒரு மாசத்தில் பதினொரு அரைப்பேர்.
அட்வான்ஸ் இல்லை, கடையில் மாவு இல்லை.
லில்லி தன் ஏழாம் ஆண்டுப் புத்தகங்களுக்கு
உறை போட்டு அடுக்கிவிட்டு
கொழும்புக்குப் போனாள்,
ஒரு டாக்டர் வீட்டில் பாத்திரம் கழுவ.
மூன்றாம் வருசம் திரும்பி வந்தவள்
என்னை அம்மா என்று கூப்பிடுமுன்
ஒரு கணம் யோசித்தாள்.
அந்தக் கணம் எத்தனை கிலோ, ஆண்டவரே?

கள்ளத்தராசு உமக்கு அருவருப்பாம்.
அருவருத்து என்ன செய்தீர்?
அவருக்குப் பொன்னாடை, சுவர்க் கடிகாரம்,
ஹட்டனில் மாடி வீடு.
சீனி வியாதிகூட இல்லை.
மலை உடைந்து இறங்கிய இரவில்
போனது பத்தாம் நம்பர் லயம், தூங்கியவர்களோடு.
கொழுந்து நிறுக்கிற கொட்டில்
ஒரு தகரமும் கழலாமல் நின்றது.

மனாசே ராஜா பிள்ளையைத் தீயில் போட்டான்.
ஐம்பத்தைந்து வருசம் ஆண்டான்.
கடைசியில் அழுதானாம், நீர் மன்னித்தீராம்.
தீயில் போன பிள்ளையிடம்
ஒரு வார்த்தை கேட்டீரா?

பாடம் இன்னும் முடியவில்லை.
ஆகாப் இரட்டு உடுத்தி மெல்ல மெல்ல நடக்கிறான்.
நீரும் இளகிப்போய்ச் சொல்கிறீர்:
இவன் நாளில் வேண்டாம்,
இவன் மகன் நாளில் பார்ப்போம்.

மகன்.
திரும்பிப் பார்த்தேன்.
கதவோரம் ஸ்டென்லி, மழைக்கோட்டு சொட்ட.
ஆட்டோவைச் சரிவில் நிறுத்தி
சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்திருப்பான்.
போன ஐப்பசியில் லில்லி வயிற்றைப் பிடித்துச் சுருண்ட ராத்திரி
பாதி இடிந்த ரோட்டில்
ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
டிக்கோயா ஆஸ்பத்திரி வரை ஓட்டினவன்.
காசை நீட்டினேன். "வேணாங்க அத்தை."
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.
தெரிந்து சொன்னானா, தூக்கக் கலக்கமா,
நான் கேட்கவில்லை.

இருபத்தெட்டு வருசமாக ராத்திரி ராத்திரி
உம்மிடம் போட்ட மனு எங்கே கிடக்கிறது? எடும்.
அதில் அவன் வம்சம் என்று இருக்கும்,
அதை அழித்துவிடும்.
எச்சில் தொட்ட பென்சில், லேசில் போகாது,
அழுத்தித் தேயும்.

மீதியில் கை வைக்காதீர்.
நான் ஒன்றும் பெரிய மனுசி ஆகிவிடவில்லை.
நாளுக்கு நாலு கிலோ, பத்தொன்பது வருசம்,
நீரே பெருக்கிப் பாரும்.
கிழவரின் எலும்பு எனக்கு எதற்கு?
கண்மூடுமுன் ஒருதரம், அதே குரலில்,
பதினெட்டு என்று சொல்லட்டும்.
உம்முடைய ஜீவபுத்தகத்தை யார் எழுதுகிறார்?
அதிலாவது எனக்கு முழுப்பேரா?

காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு
வரிசை வரிசையாக வந்தார்.
என் முன்னால் நின்றார்.
பை கனத்துத் தொங்கியது.
"எவ்வளவு இருக்கும், ஐயா?" என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை.
மழையாக இருக்கலாம்.