கேள்வி எண் நான்கு

ஜிப் தைக்கிற பட்டறைக்கு மேலே எங்கள் டிரஸ்ட்.
படி என்றும் சொல்லலாம், ஏணி என்றும் சொல்லலாம்,
கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.
ஆடிட்டர் ஒருமுறை ஏறினார்,
அதன்பின் கணக்கைக் கீழே கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

மூன்று பேர்.
வசுதா நாபர், கூட்டுறவு வங்கியில் இருபத்தாறு வருடம்
இருக்கிற பணத்தை எண்ணியவர்,
இப்போது இல்லாததை எண்ணுகிறார்.
துராப், ஓதப் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்திருப்பவன்.
கழியில் சேறு எப்போது தெரியும் என்று கேளுங்கள், சொல்வான்;
சம்பளம் எப்போது என்று கேட்காதீர்கள்.
நான் செல்லக்கனி. மராத்தித் தாளைத் தமிழாக்குவேன்,
பிஸ்கட் வாங்குவேன்.
நாற்பத்திரண்டு பிள்ளைக்கு நாற்பத்திரண்டு பொட்டலம்,
நாற்பத்திரண்டு பளபளக்கும் உறை.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

கூரையைப் பற்றியும்தான்.
போன வருடம் ஒரு கம்பெனி ஃபிளெக்ஸ் தந்தது:
'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்', எட்டுக்குப் பத்து அடி.
ஜூனில் அதைத்தான் தகரத்தின்மேல் விரித்துக் கட்டினோம்.
ஒரு சொட்டு ஒழுகவில்லை.

செவ்வாய்க்கிழமை மாநகராட்சிப் பள்ளி, ஏழாம் வகுப்பு, தமிழ்.
மாஹிம் கழியோரம் அலையாத்தியின் மூச்சுவேர்கள்
சேற்றில் குத்திவைத்த பென்சில்கள் மாதிரி.
ஒன்றில் யாருடையதோ கண்ணாடி வளையல்.
துராப் அந்த வேர் எப்படி மூச்சுவிடும் என்று
தன் மூக்கைப் பொத்திக் காட்டிக்கொண்டிருந்தான்.
'இந்த எடம் தெரியும் மிஸ்,
எங்க வீட்டு எலி இங்கேர்ந்துதான் வருது'
என்றாள் ஒருத்தி, மரியாதையாக.

திரும்பி வந்ததும் தாள்.
நான்காம் கேள்வி: நாம் எறியும் குப்பை எங்கே போகிறது?
விடைக்குறிப்பில், என் கையெழுத்தில்: கடலுக்கு.
இசக்கிராஜ் எழுதியிருந்தான்:
எங்க அப்பாகிட்ட.

தாராவிப் பதின்மூன்றாம் காம்பவுண்டில் அவன் அப்பா
பால்கவருக்கு ஒரு சாக்கு, ஷாம்பூ மூடிக்கு ஒரு சாக்கு,
கிள்ளிப் பார்த்து, வளைத்துப் பார்த்து,
சந்தேகம் வந்தால் கொளுத்தி முகர்ந்து பார்த்துப் பிரிப்பவர்.

வசுதா கண்ணாடியைக் கழற்றினார்.
தப்பில்லையே என்றார்.
முழுக்கச் சரியுமில்லையே, கடலுக்கும் போகிறதே என்றான் துராப்.
அவர் கைக்குத் தப்பியதுதானே போகிறது?
அப்படியானால் நம் படத்தில் அவர் எங்கே?

படத்தில் அம்புக்குறிகள் உண்டு.
வீட்டிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து சாக்கடை,
பிறகு மித்தி, பிறகு நீலமாகக் கடல்.
ஓர் ஆள்கூட இல்லை.
வரைந்தது நான்.
என் சித்தப்பா பதினோரு வருடம் அங்கேதான் மூட்டை தூக்கினார்.
அதை அப்போது நான் சொல்லவில்லை.

புதிதாக அச்சடிக்கக் காசில்லை என்பதை
வசுதா பேரேட்டைத் திறக்காமலே சொன்னார்.
மிச்சம் இருப்பது அறுநூறு தாள்.
தொட்டிக்கும் சாக்கடைக்கும் நடுவே
ஓர் ஆளை வரைந்தாக வேண்டும், பேனாவால்.

வசுதாவின் ஆட்கள் தீக்குச்சிகள்.
துராப் வரைந்தவர்களுக்குக் கழுத்தில்லை.
எனக்கு எல்லாருமே முதுகு வளைந்து வந்தார்கள்.
கீழே மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன,
கடைசிப் பையன் ஷட்டரை இழுத்துவிட்டுப் போனான்.
பெண்களும்தானே பிரிக்கிறார்கள் என்று துராப்புக்குத் திடீரென்று தோன்ற,
இருநூற்றுப் பத்தாம் தாளிலிருந்து
சிலருக்குச் சேலை.

கம்பெனிக்கு அனுப்பும் படிவம் மேசையில்.
'மனமாற்றம் அடைந்தோர் எண்ணிக்கை' என்றொரு கட்டம்.
அதன்மேல் டீ டம்ளர், வட்டமாகக் கறை.

நானூற்றுப் பதினொன்றில் கடைசிப் பேனாவும் தீர்ந்தது.
தீர்ந்த பேனாவை எங்கே போடுவது என்று
மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
மூடி ஒரு சாக்கு, உடல் ஒரு சாக்கு என்று நினைக்கிறேன்;
இசக்கிராஜைத்தான் கேட்க வேண்டும்.

நாளை நீர் வற்றுவது ஏழு நாற்பதுக்கு.
நூற்றெண்பத்தொன்பது தாளில்
இன்னும் ஆளில்லை.